ஐந்து சதவீதம்

என் வேலை ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது:
நாளை உங்கள் பத்திரிகையின் விலை
ஐந்து சதவீதம் ஏறினால்
நீங்கள் எதற்கு மாறுவீர்கள்?

லண்டனில், ஒன்பதாம் மாடியில்,
மழை பக்கவாட்டில் நடக்கும் கண்ணாடிக்கு இந்தப்புறம்
கார்ன்வாலின் வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறேன்.
போல்கரோ மெர்குரி விற்கும் இடமெல்லாம் நீலம்.
பென்வெர்ன் எக்கோ விற்கும் இடமெல்லாம் மஞ்சள்.
ஒன்றன்மேல் ஒன்று விழுந்த பச்சையில்
பதினோராயிரம் வீடுகள், ஒரு கலங்கரை விளக்கம்,
போன வருடம் மூடிய வங்கிக் கிளை.

பச்சைக்குள்தான் என் அதிகாரம்.

வாங்க வந்திருப்பவர்களின் வக்கீல் மென்மையான மனிதர்.
'போட்டி' என்று நான் நீட்டும்போதெல்லாம்
'ஒருங்கிணைப்பு' என்று திருப்பித் தருகிறார்,
சில்லறை இல்லாத கடைக்காரர் மிட்டாய் தருவதுபோல.
ஏற்கெனவே இருநூற்றுப் பன்னிரண்டு பத்திரிகைகள் அவர்களிடம்.
இன்னும் இரண்டே இரண்டு என்கிறார்,
இலைமேல் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டே
பாயசம் வாங்கிக்கொள்பவரைப் போல.

பதில்கள் வரத் தொடங்கின.

மெரின் ட்ரெகென்ஸா, நண்டுப் படகு வைத்திருப்பவர்:
"ஐந்து சதவீதம் என்றால் எத்தனை பென்ஸ்?"
ஏழு, என்றேன்.
"ஏழு பென்ஸுக்கா போன் செய்தீர்கள்?"

டென்ஸில் பாஸ்கோ, மெக்கானிக்:
"நான் வாங்குவதில்லை. மாமியார் வாங்குவார்,
கோர்ட் பக்கத்தில் என் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்க."

நூற்றுக்கு அறுபது பேர் சொன்னார்கள்:
எதற்கு மாறுவது, கையில்தான் போன் இருக்கிறதே.
அதற்கு என் படிவத்தில் கட்டம் உண்டு.

லவ்டே ஆங்கோவ் மட்டும் கடிதம் எழுதினார்.
நீல மையில் இரண்டு பக்கம்,
ஓரத்தில் தேநீர்க் கறை.

துறைமுகச் சுவரில் விரிசல் விட்டது.
பழைய விரிசல்தான் என்று நகரசபை சொன்னது,
பழைய விரிசல்தான் என்று மெர்குரி அச்சடித்தது.
அடுத்த வாரம் எக்கோ ஒரு பையனை
அளவு டேப்போடு அனுப்பியது.
நான்கு சென்டிமீட்டர்.
அதற்கும் அடுத்த வாரம்
மெர்குரியும் ஒரு டேப் வாங்கியது.

'அந்த இரண்டாவது டேப்
உங்கள் படிவத்தில்
எந்தக் கட்டத்தில் வரும், அம்மணி?'

தேடினேன்.
விளம்பரக் கட்டணம், சதுர சென்டிமீட்டருக்கு.
விற்பனை, வாரத்துக்கு.
அச்சகம் எத்தனை மைலில்.
கடைசியில் 'பிற' என்றொரு கட்டம்,
ஒரு சுண்டுவிரல் அகலம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
இருக்கிறது. விலை நாற்பத்தொரு மில்லியன் பவுண்டு,
வரி தனி.
மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கவே
எனக்குச் சம்பளம்.

நாற்பதாவது வேலை நாள் கூடினோம்.
மேசையைச் சுற்றி ஏழு பேர், பிஸ்கட், ஜக்கில் தண்ணீர்.
யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார் தலைவர்.
எனக்கும் ஒரு கை இருந்தது.
கணக்கு சரியாக இருந்தது, அதனால்
கை மேசைக்கு அடியிலேயே இருந்தது.

வியாழன் காலை ஏழு மணிக்கு,
பங்குச் சந்தை கண்விழிக்கும் முன் வெளியிட்டோம்.
நூற்று நாற்பத்துமூன்று பத்திகள்.
போட்டி கணிசமாகக் குறையும் என்று நம்ப
முகாந்திரம் இல்லை.
அடிக்குறிப்பு எண்பத்தெட்டு:
வாசகர் ஒருவர் அளவு டேப் பற்றிக் குறிப்பிட்டார்.

இணைப்பு முடிந்த வாரம்
இரண்டு பத்திரிகையும் தபாலில் வந்தன.
விசாரணையை நடத்திய அதிகாரி என்று
உள்பக்கத்தில் என்னைப் பற்றி நான்கு வரி.
நான் ஹெஸ்டர்.
மெர்குரியில் எஸ்தர் என்று போட்டிருந்தார்கள்.

அவசரமாக எக்கோவைப் பிரித்தேன்.

அதிலும் எஸ்தர்.